அப்பாம்மா டல்லாஸ் போறாங்க, போன நாலாவது நாளே அங்க கடிகாரத்த மாத்துறாங்களாம்: ஊசி, போன், ஜாதகம் எல்லாம் எப்படி சமாளிக்கிறது?

மலைக்கோட்டை பையன்:

வணக்கம் மக்களே. எங்க அக்கா டல்லாஸ் பக்கத்துல ஃப்ரிஸ்கோல இருக்கா, நவம்பர் மொத வாரம் டெலிவரி டேட் குடுத்திருக்காங்க, அதனால அப்பாவும் அம்மாவும் அக்டோபர் 28 புதன்கிழமை சென்னைலேருந்து தோஹா வழியா கிளம்புறாங்க. ரெண்டு பேருக்கும் இதான் மொத பிளைட்டு, எனக்கு லீவு கிடைக்கல, நான் கூட போகல. டிக்கெட்ல சென்னை காலைல 4:00, தோஹா 6:15, திரும்ப தோஹாலேருந்து 8:15, டல்லாஸ் சாயங்காலம் 4:15னு போட்டிருக்கு, எல்லாமே ஒரே தேதி. அப்பா அத பாத்துட்டு "பன்னெண்டு மணி நேரம்தானடா, திருச்சிலேருந்து டெல்லிக்கு ரயில்ல போறதுல பாதி கூட இல்லியே"ங்கறார். இல்லப்பா கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகும்னா நம்ப மாட்டேங்கறார், அச்சடிச்ச பேப்பர் பொய் சொல்லுமாங்கறார்.

கவலை என்னன்னா அப்பா சுகர் பேஷன்ட், ராத்திரி 9 மணிக்கு ஒரு தடவ இன்சுலின் போட்டுக்குவார், நாள் பூரா வேலை செய்ற வகை. அம்மாவுக்கு காலைல வெறும் வயித்துல தைராய்டு மாத்திரை. இதுக்கெல்லாம் எந்த ஊரு 9 மணி எந்த ஊரு காலைல? அது போக நவம்பர் 1 அன்னிக்கு அங்க ஒரு மணி நேரம் பின்னாடி மாத்துவாங்கன்னு மாமா சொல்றார். அண்ணன் லண்டன்ல இருக்கான், ஞாயித்துக்கிழமை நம்ம நேரம் ராத்திரி எட்டரைக்கு எல்லாரும் வீடியோ கால்ல வருவோம், அவன் ஊர்லயும் மாத்துவாங்களாம், ஆனா வேற தேதியாம். அம்மா வேற குழந்தை பிறந்த நேரத்த கரெக்டா எழுதி அனுப்பு, ஜோசியர் கேப்பார்னு இப்பவே ஆரம்பிச்சிட்டாங்க. அப்பா கையில ஒரு பழைய எச்எம்டி சாவி குடுக்குற வாட்ச், அத எங்க போனாலும் மாத்த மாட்டாராம், "நம்ம ஊரு நேரம் கையில இருக்கட்டும்"ங்கறார்.

தெரிஞ்சவங்க சொல்லுங்க, எதுலேருந்து ஆரம்பிக்கிறதுன்னே புரியல.

டெக்சாஸ் வெயில்:

ப்ரோ மொதல்ல அப்பாவுக்கு பதில். டிக்கெட்ல போட்டிருக்கிற ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊரு சுவர்க்கடிகாரத்துல இருக்குற நேரம், அதனால ஒண்ணுலேருந்து ஒண்ண கழிச்சா பயண நேரம் வராது. அக்டோபர் 28 அன்னிக்கு டல்லாஸ் நம்மள விட பத்தரை மணி நேரம் பின்னாடி. டிக்கெட்ல தெரியுற பன்னெண்டே கால் மணி நேரத்தோட அந்த பத்தரைய கூட்டுங்க, 22 மணி 45 நிமிஷம். அதான் நெஜம். புக்கிங் மெயில்ல ஒரு மூலையில சின்னதா மொத்த பயண நேரம்னு போட்டிருப்பாங்க, அத பெருசா பிரிண்ட் எடுத்து காட்டுங்க, அச்சடிச்ச பேப்பர்னா நம்புவார்ல.

ரெண்டாவது, புதன்கிழமை காலைல 4 மணின்னா செவ்வாய்க்கிழமை ராத்திரியே சென்னை ஏர்போர்ட்ல இருக்கணும். திருச்சிலேருந்து எப்ப கிளம்பணும்னு அதுலேருந்து பின்னோக்கி கணக்கு போடுங்க. 28ஆம் தேதின்னு மனசுல வெச்சிக்கிட்டு 28 ராத்திரி போய் நின்னவங்க கதை எல்லா ஏர்போர்ட்லயும் உண்டு.

மூணாவதுதான் முக்கியம், அந்த எச்எம்டி வாட்ச். தோஹா நம்மள விட ரெண்டரை மணி நேரம் பின்னாடி, அங்க வருஷம் பூரா ஒரே நேரம்தான், மாத்துறதில்ல. இவங்க பிளைட்டு அங்க 6:15க்கு இறங்குறப்ப அப்பா வாட்ச்ல மணி 8:45 காட்டும். கையில இருக்குற போர்டிங் பாஸ்ல அடுத்த பிளைட்டு 8:15னு இருக்கும். யோசிச்சு பாருங்க, அரை மணி நேரம் முன்னாடியே பிளைட்டு போயிருச்சுன்னு அங்கயே உக்காந்துருவார், அம்மாவுக்கு பிபி ஏறிரும். நெஜத்துல முழுசா ரெண்டு மணி நேரம் கையில இருக்கும். இதுக்கு நேர் எதிரா, வாட்ச்ல இல்லாம போன்ல நம்ம நேரமே நின்னுட்டு இருந்து "இன்னும் நேரம் இருக்கு"ன்னு உக்காந்து கேட்டு மூடிப்போன ஆளுங்களும் உண்டு, கிழக்க போறப்ப அப்படி ஆகும். அதனால தோஹால வாட்சும் வேணாம் போனும் வேணாம், தலைக்கு மேல தொங்குற டிபார்ச்சர் போர்டுல ஒரு ஓரத்துல மணி ஓடும், அத மட்டும் பாக்கச் சொல்லுங்க. சும்மா சொல்லிவிட்டா மறந்துருவாங்க, ஒரு அட்டையில தமிழ்ல பெருசா "தோஹா: போர்டுல இருக்குற மணிதான் மணி"ன்னு எழுதி பாஸ்போர்ட் கவர்ல சொருகி விடுங்க.

போன் விஷயம்: செட்டிங்ல நேரம் தானா மாறுற மாதிரி வெச்சிருந்தா அந்த ஊரு டவர் சிக்னல் கிடைச்சதும் மாறிக்கும். ரோமிங் போடாம ஏர்போர்ட் வைஃபைல மட்டும் இருந்தா சில போன் மாறும் சில போன் மாறாது. போன்ல கடிகாரம் ஆப் உள்ள போய் சென்னை, டல்லாஸ் ரெண்டையும் சேர்த்து முகப்புல வெச்சிட்டீங்கன்னா அப்பாவுக்கும் "நம்ம ஊரு நேரம்" கிடைச்சிரும்.

நவம்பர் 1 பத்தி பயப்பட ஒண்ணுமில்ல. ஞாயிறு அதிகாலை 2 மணி ஆகுறப்ப திரும்ப 1 மணி ஆக்கிருவாங்க, அவ்ளோதான், தூங்கிட்டிருப்பீங்க. போன் தானா மாறும். மாறாதது எதுன்னா அடுப்புல இருக்குற கடிகாரம், மைக்ரோவேவ், கார், ஹால்ல தொங்குற கடிகாரம். காலைல அப்பா எந்திரிச்சு கிச்சனுக்கு வந்தா அடுப்புல 6, மைக்ரோவேவ்ல 6, போன்ல 5. எங்க வீட்ல அடுப்ப மாத்த பட்டன் எதுன்னு தெரியாம மார்ச் வரைக்கும் அப்படியே ஓட்டுவோம், மார்ச் வந்தா அதுவா சரியாயிரும்.

அன்னிலேருந்து நமக்கும் டல்லாஸுக்கும் பத்தரை இல்ல, பதினொன்றரை மணி வித்தியாசம். இதுல ஒரு சௌகரியம் இருக்கு, நம்ம மணியோட அரை மணி கூட்டி பகல ராத்திரி ஆக்கிட்டா போதும். இங்க ராத்திரி 8:00, அங்க அன்னிக்கு காலைல 8:30. இங்க காலைல 7, அங்க முந்தின நாள் சாயங்காலம் 7:30. வாட்சே மாத்த மாட்டேங்குற உங்க அப்பாவுக்கு இது ரொம்ப பிடிக்கும் பாருங்க.

போன் பாத்துக்கும்:

இதுக்கு போய் இவ்ளோ பெரிய கட்டுரையா. எல்லாம் போனே பாத்துக்கும் பாஸ், 2026ல இருக்கோம். சும்மா வயசானவங்கள பயமுறுத்தாதீங்க.

வார்டு நம்பர் 7:

மேல உள்ள தம்பிக்கு, போன் இன்சுலின் போடாது.

நான் சர்க்கரை வார்டுல வேலை பாக்குற நர்சு, டாக்டர் இல்ல, அத மனசுல வெச்சிக்கிட்டு படிங்க. மலைக்கோட்டை தம்பி, நீங்க கேட்ட "எந்த ஊரு 9 மணி"ங்கற கேள்வியே கொஞ்சம் மாத்திக் கேக்கணும். உடம்புக்கு கடிகாரம் தெரியாது, போன ஊசி போட்டு எத்தன மணி நேரம் ஆச்சுங்கறதுதான் கணக்கு. இப்ப உங்க அப்பாவுக்கு போட்டுப் பாப்போம். செவ்வாய் ராத்திரி 9க்கு வீட்லயோ ஏர்போர்ட் போற வழியிலயோ ஊசி போட்டுட்டார். டல்லாஸ் போய் புதன் ராத்திரி அந்த ஊரு 9 மணிக்குத்தான் அடுத்ததுன்னு வெச்சிக்கிட்டா, நடுவுல முப்பத்தி நாலரை மணி நேரம் ஆயிருக்கும். ஒரு நாளைக்கு வேலை செய்ற ஊசி அவ்ளோ நேரம் தாங்குமா தாங்காதாங்கறது அது எந்த இன்சுலின், எத்தன யூனிட், அவரு சுகர் எப்படி இருக்கும்ங்கறத பொறுத்தது. மேற்கு பக்கம் போறப்ப நாள் நீளும், அதனால நடுவுல ஒரு சின்ன அளவு போடச் சொல்ற டாக்டரும் உண்டு, ஒரு வாரம் முன்னாடிலேருந்தே நேரத்த கொஞ்சம் கொஞ்சமா நகத்திட்டு வரச் சொல்றவங்களும் உண்டு. இத நாம இங்க உக்காந்து முடிவு பண்ணக் கூடாது. டிக்கெட்ட எடுத்துட்டுப் போயி, நம்ம நேரத்துல எப்ப கிளம்புறார் எப்ப இறங்குறார்னு எழுதிக் காட்டி, டாக்டர் கையால எழுதி வாங்கிட்டு வாங்க.

வர்றப்பதான் இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும். கிழக்க வர்றப்ப நாள் சுருங்கும். குளிர்காலத்துல திரும்புறார்னு வெச்சிக்குங்க, டல்லாஸ் நேரம் ராத்திரி 9க்கு பிளைட்ல ஊசி போட்டார்னா அது நம்ம ஊருல மறுநாள் காலைல 8:30. அன்னிக்கு ராத்திரி நம்ம 9 மணிக்கு வழக்கம் போல இன்னொண்ணு போட்டா பன்னெண்டரை மணி நேரத்துல ரெண்டு நாள் மருந்து உள்ள போயிரும். தாழ்சர்க்கரை ஆயி வேர்த்து விறுவிறுத்து மயக்கம் வரும், தூக்கக் கலக்கத்துல பக்கத்துல இருக்கறவங்களுக்கு அது தெரியக் கூட தெரியாது, ஜெட்லாக்ல தூங்குறார்னு விட்டுருவாங்க. போறதுக்கு வாங்குற அன்னிக்கே வர்றதுக்கும் சேர்த்து எழுதி வாங்கிக்குங்க.

நவம்பர் 1 மாத்துறது ஒண்ணுமில்ல, அந்த ஒரு நாள் 24க்கு பதிலா 25 மணி நேரம், அவ்ளோதான். பொதுவா அதுக்காக தலைய பிச்சிக்க வேண்டாம், இருந்தாலும் டாக்டர் கிட்ட பேசுறப்ப இதையும் ஒரு வார்த்த கேட்டுக்குங்க.

அம்மாவோட தைராய்டு மாத்திரைக்கு இவ்ளோ கவலை வேணாம், அந்த மருந்து ரத்தத்துல பாதியா குறையவே ஒரு வாரம் ஆகும். டல்லாஸ் போய் மறுநாள் அந்த ஊரு காலைல வெறும் வயித்துல போட்டுக்கிட்டு அப்படியே தொடரலாம். பிபி மாத்திரை, வலிப்பு மாத்திரை, ரத்தம் உறையாம இருக்குற மாத்திரைன்னு வேற ஏதாவது இருந்தா அத தனியா கேளுங்க.

ஊசி, பேனா, மீட்டர், கொஞ்சம் குளுக்கோஸ் எல்லாம் கைப்பையில. பெட்டியில போட்டு கீழ அனுப்பினா அங்க குளிருல இன்சுலின் உறைஞ்சு வீணாப் போகலாம். மருந்துச் சீட்டு இங்கிலீஷ்ல ஒரு காப்பி கூடவே இருக்கட்டும். கைப்பையில ஒரு சின்ன நோட்டு போட்டு, ஊசி போட்டதும் "சென்னை நேரம் இத்தன மணி"ன்னு எழுதச் சொல்லுங்க. இதுக்கு மட்டும் அந்த எச்எம்டி வாட்ச் அருமையா உதவும், கழட்ட வேணாம்.

பக் ஃபிக்ஸர்:

நர்சு அக்கா சொன்னது சூப்பர். நான் அந்த ஞாயித்துக்கிழமை கால் விஷயத்துக்கு மட்டும் வர்றேன், ஏன்னா மூணு நாட்டு டீமோட மீட்டிங் போட்டு போட்டு வருஷத்துக்கு ரெண்டு தடவ எங்க ஆபீஸ்ல இதே கூத்துதான்.

ஐரோப்பால அக்டோபர் கடைசி ஞாயிறு மாத்துவாங்க, அமெரிக்கால நவம்பர் மொத ஞாயிறு. நடுவுல ஒரு வாரம் கணக்கு கோணலாயிரும். உங்க கால் நம்ம நேரம் 8:30னு வெச்சிக்கோங்க. அக்டோபர் 18, லண்டன்ல சாயங்காலம் 4 மணி, டல்லாஸ்ல காலைல 10. அக்டோபர் 25, லண்டன்ல 3 மணி ஆயிரும், டல்லாஸ்ல அதே 10. நவம்பர் 1, லண்டன்ல 3, டல்லாஸ்ல 9. பாருங்க, நம்ம ஊர்ல யாரும் கடிகாரத்த தொடவே இல்ல, ஆனா பதினஞ்சு நாளுக்குள்ள மத்த ரெண்டு பேருக்கும் நேரம் நகந்துருச்சு. மார்ச்ல இது இன்னும் மோசம், அமெரிக்கால ரெண்டாவது ஞாயிறு, ஐரோப்பால கடைசி ஞாயிறு, அதனால ரெண்டு மூணு வாரம் இழுக்கும்.

அதனால யாரு ஊரு நேரத்த ஆணியடிச்சு வெக்கிறதுன்னு மொதல்ல முடிவு பண்ணுங்க. இப்ப வரைக்கும் நம்ம ஊரு 8:30 ஓடிட்டிருந்துச்சு, சரி. ஆனா பச்சக் குழந்தை வந்தப்புறம் அக்காவுக்கு எப்ப தோதுப்படும்ங்கறதுதான் முக்கியம், அதனால டல்லாஸ் நேரத்த ஆணியடிங்க, நீங்களும் அண்ணனும் நகருங்க. கூகுள் காலண்டர்ல கால் போடுறப்ப நேரத்துக்கு பக்கத்துல டைம் சோன்னு இருக்கும், அதுல சென்ட்ரல் டைம், சிகாகோனு இருக்குறத எடுங்க, டல்லாஸுக்கும் அதே நேரம்தான். எல்லாருக்கும் இன்வைட் அனுப்பிட்டா அவங்கவங்க போன்ல அவங்கவங்க ஊரு நேரத்துல தானா மாறித் தெரியும், கடிகாரம் மாத்துற வாரம் உட்பட. பத்தரை மணி வித்தியாசம்னு மனசுல கணக்கு போட்டு கையால டைப் பண்ணி வெக்காதீங்க, அது நவம்பர் 1 காலைல பொய்யாப் போயிரும். ஊரு பேர எழுதுங்க, வித்தியாசத்த எழுதாதீங்க.

அப்படியே இன்னொண்ணு, வாட்ஸ்அப்ல மாமா கிட்ட "சிஎஸ்டி 9 மணி"ன்னெல்லாம் போடாதீங்க. சிஎஸ்டின்னா அமெரிக்கால நடுப்பகுதி நேரம், சீனாவுக்கும் அதே மூணு எழுத்துதான். ஐஎஸ்டின்னா நமக்கு இந்தியா, அயர்லாந்துக்காரனும் இஸ்ரேல்காரனும் அதையே அவங்க ஊருக்கு போட்டுக்கறாங்க. "டல்லாஸ்ல காலைல 9"னு போடுங்க, சண்டையே வராது.

லண்டன் அண்ணனுக்கு ஒரு வித்தை சொல்லிக் குடுங்க. அக்டோபர் 25க்கு அப்புறம் அங்க இருக்குற முள்ளு வாட்ச தலைகீழா திருப்பிப் புடிச்சா இந்தியா நேரம் தெரியும். லண்டன்ல 9:00னா தலைகீழா 2:30 மாதிரி தெரியும், நம்ம ஊருல அப்ப மதியம் ரெண்டரை. வித்தியாசம் கரெக்டா அஞ்சரை மணிங்கறதால வர்றது, கோடைல வேலை செய்யாது.

பஞ்சாங்கப் பிரியன்:

ஜாதகம் பத்தி யாரும் பேசல, அதனால நான்.

தம்பி, குழந்தை பிறந்த நேரத்த இந்திய நேரத்துக்கு மாத்தி ஜோசியர் கிட்ட குடுக்காதீங்க. பிறந்த ஊரு, அந்த ஊரு கடிகாரத்துல என்ன மணி, அப்ப கோடை நேரம் (வெயில் காலத்துல கடிகாரத்த ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வெக்கிறது) நடைமுறையில இருந்துச்சா இல்லியா, இந்த மூணும் குடுங்க. அக்டோபர் 31 வரைக்கும் பிறந்தா கோடை நேரம், நவம்பர் 1 காலைக்கு அப்புறம் பிறந்தா சாதா நேரம். லக்னம் கிட்டத்தட்ட ரெண்டு மணி நேரத்துக்கு ஒண்ணா மாறும், ஒரு மணி நேரம் தப்பா குடுத்தா லக்னமே வேற ஆயிரலாம். நட்சத்திரம் ஏறக்குறைய ஒரு நாள் இருக்கும், அது பெரும்பாலும் தப்பிச்சுரும். இப்ப வர்ற ஜாதக ஆப் எல்லாம் ஊரு பேர போட்டா தானே கழிச்சுக்கும், ஆனா சில ஜோசியர்கள் கையாலயும் ஒரு மணிய கழிச்சு, ஆப்பும் ஒரு மணிய கழிச்சு, ரெண்டு மணி நேரம் பறிபோன ஜாதகம் எல்லாம் பாத்திருக்கேன்.

இது ஒண்ணும் அமெரிக்கா சமாச்சாரம் மட்டும்னு நினைக்காதீங்க. ரெண்டாம் உலகப் போர் நடந்தப்ப நம்ம நாட்டுலயே 1942 செப்டம்பர்லேருந்து 1945 அக்டோபர் வரைக்கும் கடிகாரத்த ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வெச்சிருந்தாங்க. அந்த வருஷங்கள்ல பிறந்த தாத்தா பாட்டி ஜாதகத்த எடுத்தா பழைய ஜோசியர்கள் மொதல்ல "இது யுத்த நேரமா, கழிச்சாச்சா"ன்னு கேப்பாங்க. அதுக்கும் முன்னாடி, 1906க்கு முன்னால, ரயில்வேக்காரங்க எல்லாம் மெட்ராஸ் நேரம்னு ஒண்ண வெச்சு ஓட்டுனாங்க, நம்ம மெட்ராஸ் வானியல் ஆய்வுக்கூடத்துல கணிச்சது, கிரீன்விச்ச விட அஞ்சு மணி 21 நிமிஷம் சொச்சம் முன்னாடி. பம்பாய்க்காரனுக்கு ஒரு நேரம், கல்கத்தாக்காரனுக்கு ஒரு நேரம். இப்ப இருக்குற அஞ்சரை மணி வந்தது 1906 ஜனவரி 1லேருந்து.

இப்ப ஒரு வில்லங்கம். நவம்பர் 1 ராத்திரி 1 மணிலேருந்து 2 மணி வரைக்கும் உள்ள நேரம் டல்லாஸ்ல ரெண்டு தடவ வரும். மொத 1:30 கோடை நேரம், ஒரு மணி நேரம் கழிச்சு வர்ற ரெண்டாவது 1:30 சாதா நேரம். பிறப்புச் சான்றிதழ்ல 1:30னு மட்டும் இருந்தா எந்த 1:30னு யாருக்கும் தெரியாது. இரட்டைப் பிள்ளையா இருந்தா பின்னால பிறந்தது பேப்பர்ல மூத்ததாயிரலாம். அந்த ராத்திரி ஆஸ்பத்திரில இருந்தீங்கன்னா மாமாவ போன்ல ஒரு போட்டோ எடுத்து வெக்கச் சொல்லுங்க, போட்டோவுக்குள்ள எந்த நேரம்ங்கறது பதிஞ்சிருக்கும்.

அப்புறம் அம்மா கிட்ட நம்ம ஊரு தினசரி காலண்டர பெட்டியில வெச்சு அனுப்பாதீங்க. திதி உலகத்துக்கே ஒரே சமயத்துலதான் முடியும், ஆனா இங்க காலைல 8 மணிக்கு முடியுற திதி அங்க நவம்பர்ல முந்தின நாள் ராத்திரி 8:30க்கே முடிஞ்சிரும். இங்க ஏகாதசின்னு போட்டிருக்குற தேதியில அங்க விரதம் இருந்தா நாள் தப்பிப் போகலாம். ராகுகாலமும் அப்படித்தான், திங்கக்கிழமை ஏழரை ஒன்பதுன்னு நாம சொல்றது 6 மணிக்கு சூரியன் உதிக்கும்ங்கற கணக்குல வந்தது. டல்லாஸ்ல அக்டோபர் கடைசில சூரியன் உதிக்கவே 7:40 போல ஆகும், கடிகாரத்த மாத்தினதும் 6:45 போல. அந்த ஊரு கோயில்கள்ல உள்ளூருக்கு கணிச்ச பஞ்சாங்கம் போடுவாங்க, அத வாங்கிக்கச் சொல்லுங்க.

யாழ் டு ரொறன்ரோ:

இதை வாசிக்கேக்க எனக்குப் பழைய ஞாபகம் வந்திட்டுது. நாங்கள் கடிகாரம் மாத்துற கூத்தை ஊரிலயே பாத்திட்டம். 1996 மே மாதம் மின்சாரம் காணாது எண்டு இலங்கை அரசாங்கம் ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினது, அந்த வருசம் ஒக்டோபரில அரை மணித்தியாலம் திரும்பக் குறைச்சது. அப்பிடியே 2006 ஏப்ரல் வரைக்கும் கொழும்பு இந்தியாவை விட அரை மணி முந்தி. ஆனா வன்னியில இயக்கத்தின்ர இடங்களில பழைய நேரம்தான். ஒரே தீவுக்குள்ள ரெண்டு நேரம். ஆராவது ஒரு அலுவலுக்கு நேரம் சொன்னா "பழைய நேரமோ புது நேரமோ" எண்டு கேட்டுத்தான் வெளிக்கிடுவம். சோதனைச்சாவடி தாண்டினா மணிக்கூட்டைத் திருப்பவேணும். அதோட பாக்கேக்க டல்லாஸ் ஒண்டுமேயில்லை தம்பி.

நான் சொல்ல வந்தது நித்திரையைப் பற்றி. பத்துப் பதினொரு மணித்தியால வித்தியாசம் எண்டா பகலும் இரவும் அப்பிடியே மாறிப்போகும். அப்பாம்மா போன முதல் கிழமை இரவு ரெண்டு மூண்டு மணிக்கெல்லாம் முழிச்சுக்கொண்டு கிடப்பினம், பசிக்கும், குசினியில லைட்டைப் போட்டுத் தேத்தண்ணி ஊத்துவினம். பிள்ளைப்பெறு வீட்டில அது ஒருவகையில நல்லதுதான், எப்பிடியும் பச்சைப்பிள்ளைக்கு ஆராவது முழிச்சிருக்கத்தானே வேணும். என்ர மாமி வந்த நேரம் இரவுக் கடமை முழுக்க அவவின்ர கையில, நாங்கள் நல்லா நித்திரை கொண்டம். பகல்ல படுக்க விடாதேங்கோ, வெளிச்சத்தில கொஞ்சம் நடக்க விடுங்கோ, கண்ணில வெயில் பட்டாத்தான் உடம்பு புது நேரத்தைப் பிடிக்கும். உடம்பு ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம் போலதான் நகரும் எண்டு சொல்லுவினம், எனவே ஒரு கிழமைக்கு மேல எடுக்கும், ஏசக்கூடாது.

நவம்பர் 1க்குப் பிறகு பின்னேரம் அஞ்சரைக்கே அங்க பொழுதுபட்டிடும். உங்கட அப்பா பின்னேரம் நடக்கிற பழக்கம் உள்ளவர் எண்டா முதலே சொல்லி வையுங்கோ, முந்தின நாள் வெளிச்சமா இருந்த நேரம் அடுத்த நாள் இருட்டு, தெரியாத ஊர்.

போன் பாத்துக்கும்:

சரி சரி ஒத்துக்கறேன், கேட்ட கேள்விய விட பதில் நல்லா இருக்கு. ஆனா ஒரு சந்தேகம், இந்த கடிகாரம் மாத்துற கூத்தை அமெரிக்கால நிறுத்தப் போறதா எப்பவோ நியூஸ் வந்துச்சே?

டெக்சாஸ் வெயில்:

2022ல செனட்ல கோடை நேரத்தையே நிரந்தரமா வெக்கணும்னு ஒரு மசோதா பாஸ் ஆச்சு, கீழ் சபையில தூங்கிப் போச்சு. அரிசோனால பெரும்பாலான இடத்துல மாத்தவே மாட்டாங்க, ஹவாயிலயும் கிடையாது. அரிசோனாக்குள்ளயே நவஹோ பழங்குடி பகுதியில மாத்துவாங்க, அதுக்கு நடுவுல இருக்குற ஹோப்பி பகுதியில மாத்த மாட்டாங்க. கோடைல கிராண்ட் கேன்யன் சுத்திப் பாக்க கார்ல போனீங்கன்னா போன் போற வழியில பல தடவ நேரத்த மாத்தலாம், அங்க மட்டும் ஹோட்டல் சுவர்க்கடிகாரத்த நம்புங்க.

மலைக்கோட்டை, உங்க அப்பா மத்திய அரசு பென்ஷன் வாங்குறவரா? அப்படின்னா நவம்பர்ல லைஃப் சர்டிபிகேட் குடுக்கணுமே. நவம்பர் 30 ராத்திரி கடைசி நிமிஷம்ங்கறது டல்லாஸ்ல அன்னிக்கு மதியம் பன்னெண்டரை. சாயங்காலம் பாத்துக்கலாம்னு விட்டுராதீங்க. வெளிநாட்டுலேருந்து எப்படி குடுக்கிறதுன்னு பேங்க்ல கிளம்புறதுக்கு முன்னாடியே கேட்டு வெச்சிக்குங்க.

மலைக்கோட்டை பையன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, நெஜமாவே. ஆமா அண்ணா, அப்பா பென்ஷன்காரர்தான், இத நான் யோசிக்கவே இல்ல, நாளைக்கே பேங்குக்கு போறேன். நர்சு அக்கா சொன்ன மாதிரி வெள்ளிக்கிழமை டாக்டர் கிட்ட அப்பாயின்மென்ட் வாங்கியாச்சு. முப்பத்தி நாலரை மணி நேரம்னு அப்பா கிட்ட பேப்பர்ல போட்டுக் காட்டினேன், கொஞ்ச நேரம் பாத்துட்டு "அப்ப ஒரு நாள் பென்ஷன் எக்ஸ்ட்ரா வருமா"ன்னு கேக்கறார்.

தோஹா அட்டை எழுதியாச்சு. அம்மா அத பாத்துட்டு, தாங்களே படிக்கிறத விட பக்கத்துல யாராவது கிட்ட காட்டிக் கேக்கலாம்ல, கீழ இங்கிலீஷ்லயும் எழுதுன்னாங்க, அதுவும் சரின்னு எழுதிட்டேன்.

கடைசியா ஒண்ணு. திரும்பி வர்ற டிக்கெட் ஏப்ரல்ல, இன்னும் போடல. இப்ப பாத்து வெச்சிருக்கிறதுல டல்லாஸ்லேருந்து திங்கள் சாயங்காலம் 6:30க்கு கிளம்பி சென்னைல புதன் அதிகாலை 1:30னு காட்டுது. நடுவுல செவ்வாய் எங்க போச்சு? நான் சென்னைக்கு கார் எடுத்துட்டு போறது புதன்கிழமையா?

டெக்சாஸ் வெயில்:

செவ்வாய்க்கிழமை பூரா பிளைட்லயும் தோஹாலயும் கழியும். ஏப்ரல்ல திரும்ப கோடை நேரம் வந்திருக்கும், வித்தியாசம் பத்தரைதான், அதனால மொத்தம் இருபதரை மணி நேரப் பயணம். நீங்க செவ்வாய் மதியமே திருச்சிலேருந்து கிளம்பணும், ராத்திரி பன்னெண்டரைக்கெல்லாம் ஏர்போர்ட்ல இருங்க. புதன்கிழமைன்னு நினைச்சு காலைல எந்திரிச்சு கிளம்புனீங்கன்னா அவங்க அதுக்குள்ள ஆட்டோ புடிச்சு கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்ட் போயிருப்பாங்க.

வார்டு நம்பர் 7:

அந்த 6:30 பிளைட்டுல ராத்திரி 9 மணி ஊசி நடுவானத்துல வருது தம்பி. டாக்டர் கிட்ட வெள்ளிக்கிழமை போறப்ப இந்த டிக்கெட்டையும் எடுத்துட்டு போங்க.